காலையில் வளைந்த பலகைகள்: டிக்கோயாவில் ஒரு பிளேனர் மிசினைச் சரிசெய்த விபரம்

ஜூன் மாதம். எங்கள் இலங்கை மலையகத்தில் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு பலகைத் துண்டு இருந்தது. அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினார். எதிர் மூலை எழும்பியது.

"நேத்து சாயந்தரம் மிசின்ல போட்டு எடுத்தப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு தம்பி. காலைல பார்த்தா இப்படி. கத்தி போச்சா, மேசை போச்சான்னு தெரியல. ஒருக்கா வந்து பாருங்க."

அவர் தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். ஓய்வு பெற்றபின் ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டு மரவேலை செய்கிறார். நான் அதே பெக்டரியில் பிட்டராக, மிசின் பழுது பார்ப்பவனாக இருந்தவன். ரோலர், பெல்ட், பெயரிங் என்று எந்தச் சத்தம் கேட்டாலும் அந்தப் பக்கம் போய்விடும் பழக்கம் எனக்கு இன்னும் உண்டு. போனேன்.

மிசின் பழையது, கைமாறி வந்தது. மேலே பலகையின் ஒரு முகத்தைச் சமப்படுத்தும் பிளேனர், கீழே கனத்தை ஒரே அளவாக்கும் திக்னசர், இரண்டும் சேர்ந்த வகை. பத்து அங்குல அகலம். கத்தி உருளையில் இரண்டு கத்திகள். தகட்டில் நிமிடத்துக்கு 6000 சுற்று என்றும், திக்னசர் பலகையை இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 6 மீட்டர் என்றும் இருந்தது. அவர் செய்துகொண்டிருந்தது மகள் வீட்டுக்கு ஓர் அலுமாரி. நாலடி நீளம், ஏழு அங்குல அகலத்தில் பதினாலு யூகலிப்டஸ் பலகைகள்.

திருகில் கை வைக்கும் முன்பு என் கண் முன்னே ஒரு பலகையைச் சீவச் சொன்னேன். மிசின் என்ன தவறு செய்கிறது என்பதை அது வெட்டிய பலகையே காட்டும். அந்தப் பலகையில் நான்கு விஷயங்கள் தெரிந்தன. மேல் மேசையில் சீவி எடுத்ததும் பலகையின் கடைசி ஓரத்தில், விரல் நகம் தட்டுப்படும் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். திக்னசரில் போட்டபின் இடது விளிம்பு 19 மி.மீ., வலது விளிம்பு கிட்டத்தட்ட 19.2. பலகை முகத்தில் குறுக்கே மெல்லிய அலைகள், எண்ணிப் பார்த்தால் அங்குலத்துக்கு இருபத்தைந்து. நான்காவது, பலகை பாதியில் தயங்கி நின்றது. நின்ற இடத்தில் கத்தி தேய்த்துப் பழுப்புக் கோடு ஒன்றும் விழுந்தது.

இத்தனை குறையையும் ஒரே நேரத்தில் பார்த்ததும், வளைவும் மிசினின் வேலைதான் என்று நம்பிவிட்டேன். அது தவறு என்று தெரிய இரண்டு ஞாயிறு பிடித்தது. ஆனாலும் அந்த இரண்டு ஞாயிறு வேலையும் தேவையான வேலைதான். வரிசையாகச் சொல்கிறேன்.

தரை

முதலில் பிளக்கைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சுவிட்ச் அணைந்திருப்பது எனக்குப் போதாது. பிளக் என் பையில் இருந்தால் வேறு யாரும் தெரியாமல் கரண்ட் கொடுக்க முடியாது. நிறுத்திய பிறகும் கத்தி உருளை சில விநாடி சுற்றும். அது நிற்கும்வரை கை மேசைப் பக்கம் போகக்கூடாது.

கொட்டகையின் சீமெந்துத் தரை, மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்று வாசல் பக்கம் சரித்துப் போடப்பட்டது. மிசினின் ஒரு கால் தரையைத் தொடாததால் அட்டையை மடித்துச் செருகியிருந்தார். ஈரத்தில் அட்டை கூழாகி நசுங்கிவிட்டது. இந்த மிசினின் சட்டம் மடித்த தகரத்தால் ஆனது. ஒரு கால் தொங்கினால் சட்டம் முறுக்கும். சட்டம் முறுக்கினால் மேலே பலகை ஏறும் முன் மேசையும், கத்தியைத் தாண்டி அது போய்ச் சேரும் பின் மேசையும் ஒரே மட்டத்தில் இருக்காது.

இரண்டு நேரான அலுமினியப் பட்டைகளை எடுத்து, ஒன்றை முன் மேசையின் தொடக்கத்திலும் மற்றதைப் பின் மேசையின் முடிவிலும் குறுக்கே வைத்தேன். குனிந்து ஒன்றின் மேல் விளிம்போடு மற்றதைப் பொருத்திப் பார்த்தால் முறுக்கு உடனே தெரியும். தெரிந்தது. அட்டையை எறிந்துவிட்டு இரும்புத் தகடுகளை வெட்டிக் காலுக்குக் கீழே கொடுத்தோம். இங்கே பலரும் செய்யும் ஒரு பிழை உண்டு. கால் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கித் தரையோடு இழுத்துவிடுவார்கள். அப்படி இழுத்தால் முறுக்கு அப்படியே சட்டத்தில் நிலைத்துவிடும். நான்கு காலும் தன்பாட்டில் தரையில் உட்கார்ந்த பிறகுதான் போல்ட். அதன்பின் பட்டைகள் இரண்டும் ஒத்து நின்றன.

கத்தி

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவழித்தது கத்தியோடுதான். மற்ற எதைவிடவும் இதற்கு அந்த நேரம் தகும்.

மேல் மேசையில் சீவும்போது, வெட்டப்பட்ட முகம் பின் மேசையில் ஏறி உட்கார்கிறது. அதனால் பின் மேசையின் மட்டமும் கத்தி சுற்றிவரும் வட்டத்தின் உச்சியும் ஒன்றாக இருக்க வேண்டும். கத்தி உயர்ந்திருந்தால், பலகையின் வால் முன் மேசையை விட்டு நழுவும் நேரத்தில் பலகை பின் மேசையில் இறங்கி உட்காரும். கடைசி ஓரம் ஆழமாக வெட்டுப்படும். கத்தி தாழ்ந்திருந்தால் பலகையின் தலை பின் மேசையின் விளிம்பில் முட்டும், அல்லது நீளப்போக்கில் பலகை சரிவாகத் தேயும். இவருடைய பலகையில் வால் பள்ளம் இருந்ததால் கத்தி உயர்வு என்று எடுத்துக்கொண்டேன். இந்த மிசினில் பின் மேசை அசையாதது. ஆகவே கத்தியைத்தான் மேசைக்கு ஏற்றபடி வைக்க வேண்டும்.

அளக்க விலை கூடிய கருவி தேவையில்லை. ஓரடி நீளத்தில் நேராகச் சீவிய ஒரு மரச்சட்டம் போதும். அதைப் பின் மேசையில் வைத்து, தலை கத்தி உருளைக்கு மேலே நீண்டிருக்கும்படி விட வேண்டும். மேசை விளிம்புக்கு நேரே சட்டத்தில் ஒரு பென்சில் கோடு. பிறகு பெல்ட் சக்கரத்தைக் கையால், மிசின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். கத்தி உச்சிக்கு வரும்போது சட்டத்தைக் கவ்வி முன் மேசைப் பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் கீழே போகும். கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் அளவு. 60 மி.மீ. விட்டமுள்ள வெட்டு வட்டத்துக்குக் கணக்குப் போட்டால், 6 மி.மீ. நகர்வு என்பது கத்தி மேசைக்கு மேல் 0.15 மி.மீ. நிற்கிறது என்று அர்த்தம். 3 மி.மீ. நகர்வென்றால் 0.04 மி.மீ.தான். உயரத்தில் மயிரிழை வித்தியாசம் நகர்வில் இத்தனை பெரிதாகத் தெரிவதால்தான் இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

முதல் கத்தி சட்டத்தை இரண்டு பக்கமும் 6 மி.மீ. நகர்த்தியது. இரண்டாவது கத்தி தொடவே இல்லை.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நிமிடத்துக்கு 6000 சுற்று, 6 மீட்டர் இழுப்பு என்றால் உருளை ஒரு தடவை சுற்றும்போது பலகை 1 மி.மீ. நகர்கிறது. இரண்டு கத்தியும் வெட்டினால் ஆளுக்கு அரை மி.மீ. ஒரு மி.மீ. ஆழத்துக்குச் சீவும்போது ஒவ்வொரு கத்தியும் எடுக்கும் சீவலின் உச்சக் கனம் சுமார் 0.13 மி.மீ. இரண்டாவது கத்தி 0.15 மி.மீ. தாழ்ந்திருந்தால் அதற்கு வெட்ட எதுவுமே மிஞ்சாது. ஒரு கத்தி இரட்டைச் சுமை சுமந்தது, மற்றது சும்மா சுற்றியது. அண்ணன் ஒரு மாதத்துக்கு முன்புதான் கத்தி தீட்டக் கொடுத்து வாங்கியிருந்தார். அதற்குள் ஒரு கத்தி மழுங்கியும் மற்றது புதிதுபோல் பளபளப்பாகவும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

கழற்றிப் பார்த்தோம். கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டுதான் இந்த வேலை. மழுங்கிய கத்தியும் விரலை வெட்டும். முதல் கத்தி உட்காரும் பள்ளத்தில் கல்லாய் இறுகிய பிசின். முன்பு மிசினை வைத்திருந்தவர் பைனஸ் பலகை அதிகம் சீவியவராம். அந்தப் பிசினில் தூள் ஒட்டி, அதன் மேல் கத்தி ஏறி உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளத்தையும், கத்தியை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு இரும்பையும் தேய்த்துத் துடைத்தோம். கத்தி இரண்டையும் மீண்டும் தீட்டக் கொடுத்தபோது, சோடியாக ஒரே அகலத்துக்குத் தீட்டித் தரும்படி சொல்லிவிட்டேன். வந்ததும் கடைத் தராசில் நிறுத்தோம். கிராம் வித்தியாசம்கூட இல்லை. நிறை வேறுபட்டால் அந்த வேகத்தில் உருளை அதிரும், பெயரிங் போய்விடும்.

திரும்ப வைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. ஆப்பு இரும்பின் போல்ட்டை ஒரு முனையிலிருந்து ஒரேயடியாக இறுக்கினால் கத்தி மெல்ல மேலே ஏறும். நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் மரச்சட்டத்தை வைத்துப் பார்த்தோம். இடது, நடு, வலது என மூன்று இடத்திலும் இரண்டு கத்தியும் 3 மி.மீ. நகர்த்தும்வரை விடவில்லை. ஒன்றரை மணித்தியாலம் போனது. கடைசியில் எல்லாப் போல்ட்டையும் இன்னொரு முறை ஸ்பேனரால் தொட்டுப் பார்த்தோம். அந்த வேகத்தில் கழன்று பறக்கும் கத்தியைத் தடுக்க எதுவும் இல்லை.

அலைகள் முழுவதும் போய்விட்டனவா என்றால், இல்லை. கையால் வைத்த கத்திகளில் எது ஓர் இம்மி உயர்ந்திருக்கிறதோ அதுதான் கடைசி வடுவை விடும். ஒரு மி.மீ. இடைவெளி அலையின் ஆழம் ஒரு மி.மீ.யில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. கைச்சீவுளியை ஒரு முறை ஓட்டினால் போய்விடும். அதைத் துரத்துவது வீண். சுமையை இரண்டு கத்தியும் பகிர்ந்துகொள்கின்றனவா என்பதே முக்கியம். மோட்டார் சத்தத்திலேயே அது தெரிந்தது. முனகல் போய் ஒரே சீராக ஓடியது.

கீழ்ப்பக்கம்

விளிம்புக் கனம் வேறுபட்டதற்குக் காரணம் திக்னசர் மேசையின் அடியில் இருந்தது. நான்கு மூலையிலும் நான்கு திருகுக் கம்பிகள், அவற்றை இணைக்கும் ஒரு சங்கிலி. சங்கிலிக்கும் பல் சக்கரத்துக்கும் இடையில் ஈரத் தூள் மாவுபோல் இறுகி, வலது முன் மூலையில் சங்கிலி ஒரு பல் தாண்டியிருந்தது. திருகின் புரி 4 மி.மீ., அதாவது ஒரு சுற்றுக்கு மேசை அவ்வளவு ஏறும் அல்லது இறங்கும்; சக்கரத்தில் 12 பல். ஒரு பல்லுக்கு 0.33 மி.மீ. அந்த மூலை அவ்வளவு இறங்கியிருந்தால், மேசையின் நடுவுக்கு மேலே இருக்கும் கத்தியின் இடத்தில் வித்தியாசம் அதில் பாதி. நாங்கள் அளந்த கிட்டத்தட்ட 0.2 அதுதான். எல்லாவற்றையும் சுத்தம் செய்து சங்கிலியை ஒரு பல் திருப்பிப் போட்டோம். ஒரே பலகையிலிருந்து கிழித்த இரண்டு குச்சிகளை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒரே நேரத்தில் விட்டு எடுத்தோம். வேர்னியரில் இரண்டும் ஒன்று.

பலகை தயங்கி நின்றது துருவால். அண்ணன் மிசினைக் கண்போல் காப்பவர். வேலை முடிந்ததும் தடித்த பொலித்தீனால் இறுக்கமாக மூடிவிடுவார். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல். இரவில் இரும்பு குளிர்ந்து கிடக்கும். காலையில் ஈரமான காற்று அதில் பட்டதும் தண்ணீராகப் படியும். பொலித்தீனுக்குள் இருந்தால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. மேசை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்து, பலகையைப் பிடித்து இழுத்தது. மண்ணெண்ணெயும் நுண்ணிய உப்புத்தாளும் கொண்டு தேய்த்து, காய்ந்ததும் மெழுகுதிரி மெழுகைப் பூசித் துணியால் மினுக்கினோம். சிலிக்கன் கலந்த ஸ்பிரே வேண்டாம் என்றேன். அது பலகையில் ஒட்டினால் பிறகு வார்னிஷ் பிடிக்காது. பொலித்தீனுக்குப் பதில் இப்போது அவர் வீட்டம்மாவின் பழைய கொழுந்துக் கம்பளி போர்த்திக் கிடக்கிறது. இழுப்பு ரோலரிலும் பைனஸ் பிசின் இருந்தது. அது இரும்பு ரோலர் என்பதால் மண்ணெண்ணெய் போட்டோம். ரப்பர் ரோலராக இருந்தால் மண்ணெண்ணெய் அதைக் கெடுக்கும்.

நீண்ட, மெல்லிய வயரைச் சுருட்டி வைத்தபடியே மிசினுக்குக் கரண்ட் எடுத்திருந்தார். தடித்த வயராக மாற்றி, சுருளை அவிழ்த்து விரித்துப் போடச் சொன்னேன்.

மறுநாள் காலை

இரண்டாவது ஞாயிறு மாலை ஆறு பலகை சீவினோம். வால் பள்ளம் இல்லை, விளிம்புகள் ஒன்று, முகத்தில் நேர்க்கோல் வைத்தால் வெளிச்சம் தெரியவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். காலை ஆறரைக்குப் போன் வந்தது.

"தம்பி, மேல இருந்த பலகை மறுபடியும் வளைஞ்சிருக்கு."

ஓடிப் போய்ப் பார்த்தேன். நடுவில் 2 மி.மீ. குழிவு. ஆனால் அவர் சொன்ன வார்த்தையில் விடை இருந்தது. மேலே இருந்த பலகை. ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். மேல் பலகை மட்டும்தான் வளைந்தது. இடையில் இருந்தவை நேராகவே இருந்தன. நடுப் பலகை ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தோம். அடுத்த நாள் அதுவும் குழிந்தது. மேல்முகம் காற்றில் காய்ந்து சுருங்குகிறது, கீழ்முகம் மூடிக் கிடந்து ஈரமாகவே இருக்கிறது. மிசினுக்கு இதில் பங்கு இல்லை.

ஒரு பலகையின் முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு துண்டு வெட்டினேன். முனை சீக்கிரம் காய்ந்துவிடுவதால் அங்கே எடுத்தால் பொய் சொல்லும். துண்டு 244 கிராம். என் மனைவி கேக் சுடும் ஓவனில் நூறு பாகைக்குக் கொஞ்சம் மேலே வைத்து, நிறை இனிக் குறையாது என்றாகும்வரை விட்டேன். 200 கிராம். குறைந்த 44ஐ 200ஆல் வகுத்தால் 22 சதவீத ஈரம். அந்தக் கொட்டகைக் காற்றில் மரம் பதினாறு, பதினேழு சதவீதத்தில்தான் போய் நிலைக்கும். ஐந்து சதவீதம் இன்னும் வெளியேற வேண்டிய மரத்தை நாங்கள் முடிவு அளவுக்குச் சீவிக்கொண்டிருந்தோம். யூகலிப்டஸ் வேறு. வளரும்போதே உள்ளே இழுவிசையை வைத்துக்கொண்டு வளரும் மரம். அறுக்கும்போதே வளையும்.

கணக்கை எழுதிக் காட்டியதும் அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வாட்டாத கொழுந்த ரோலர்ல போட்டுட்டு ரோலரக் கொற சொல்லியிருக்கேன்."

பெக்டரியில் கொழுந்தை வாட்டி ஈரம் குறைத்த பிறகுதான் ரோலருக்கு அனுப்புவார்கள். வாட்டம் போதாத கொழுந்து ரோலரில் நசுங்கிச் சாறாக ஓடும். அவர் எத்தனையோ ஆயிரம் முறை கையில் ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பிசைந்து, வாட்டம் சரியா என்று சொன்னவர். மரத்துக்கும் அதே பொறுமை வேண்டும் என்று விளக்க எனக்கு வேறு வார்த்தை தேவைப்படவில்லை.

அதன்பின் வேலை அவருடையது. சீவிய ஆறையும் சீவாத எட்டையும் தரையிலிருந்து எடுத்து, கட்டை போட்டு உயர்த்தி அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரே கனமுள்ள குச்சிகள், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில். முனைகளில் பழைய பெயின்ட் பூசினார், வெடிக்காமல் இருக்க. சீவாத ஒரு பலகையில் அடையாளம் போட்டு ஞாயிறுதோறும் கடைத் தராசில் நிறுத்தார். முதல் வாரம் 4.12 கிலோ. பிறகு 4.05, 4.01, 3.98, 3.96. ஆகஸ்ட் தொடக்கத்தில் 3.95க்கு வந்து இரண்டு வாரம் அசையவில்லை. கணக்கில் அது 17 சதவீதம். அலுமாரி நிற்கப்போவது அடுப்பு எரியும் வீட்டுக்குள் என்பதால் பலகைகளை வீட்டுக்குள் கொண்டுபோய் இன்னும் மூன்று வாரம் வைத்தார். 3.88. பதினைந்து சதவீதம்.

மலைத்தொடரின் மறுபக்கம், பண்டாரவளைப் பக்கம் இதையே செய்கிறவருக்கு இந்தக் கணக்கு மாறும். இங்கே மழை கொட்டும் அதே மாதங்களில் ஊவாச் சரிவில் காய்ந்த கச்சான் காற்று வீசும். அங்கே காய்வது எளிது, ஆனால் வேகமாகக் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செப்டெம்பரில் சீவியபோதும் ஒரேயடியாக முடிக்கவில்லை. முதலில் ஒரு முகம் சமன், பிறகு திக்னசரில் இரண்டு முகத்திலும் மாறி மாறி, பலகையைப் புரட்டிப் புரட்டி, தேவையானதைவிட 2 மி.மீ. கூட வைத்து நிறுத்தினோம். ஒரே முகத்தில் நாலு மி.மீ. எடுத்தால் நடு ஈரம் அந்தப் பக்கம் திறந்து மறுபடியும் வளையும். ஒரு வாரம் சுவரில் சாய்த்து நிறுத்தி, இரண்டு முகத்திலும் காற்றுப் பட விட்டு, பிறகுதான் முடிவு அளவு. ஜூனில் சீவிய ஆறில் இரண்டு பலகைகள் கனம் போதாமல் தட்டுகளாகிவிட்டன. அதற்கு அவர் வருத்தப்பட்டார்.

முடிவு அளவு எடுத்த மறுநாள் காலை ஆறரைக்கு மறுபடியும் போன் அடித்தது. அவர் ஒரு பலகையைத் தன் மேசையில் வைத்து, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே பேசினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. எந்த மூலையும் எழும்பல தம்பி."